பெரியப்பாவின் ஸ்பெக்ட்ரம்: கோட்டைமுனை நாட்குறிப்பு

2025 பெப்ரவரி 1, சனி

பெயின்ட் அடிக்கப் பெரியம்மா வீட்டைப் புரட்டிப் போட்டதில், பெரியப்பாவின் அலுமாரிக்கு மேலே துவாயால் சுற்றி வைத்த ஒரு பெட்டி வெளியே வந்தது. அவிழ்த்துப் பார்த்தால் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், 48கே, ரிவியில் கொழுவுகிற எண்பதுகளின் வீட்டுக் கொம்பியூட்டர். சாம்பல் நிற றப்பர் கீ, மூலையில் நாலு நிறக் கோடு, எல்லாம் அப்படியே இருக்கிறது. பெரியப்பா கணக்கு வாத்தியார், 84இல் லண்டனில் இருந்த சிநேகிதர் ஒருவரிடம் சொல்லி எடுப்பித்ததாம். நான் பிறக்கும் முன்பே இதை மூடிவைத்துவிட்டார், அதனால் இது வீட்டில் இருந்ததே எனக்குத் தெரியாது. கூடவே ஒரு பிஸ்கட் டின், அதற்குள் ஆறு கசெட்டும் (இந்த மெஷினின் ப்ரோகிராமைப் பாட்டுக் கசெட்டில்தான் ஒலியாகப் பதிவார்கள்) ஒரு சதுரக் கொப்பியும்.

"வேலை செய்யுதா பார் மனே" என்று பெரியம்மா அடப்டரையும் தூக்கித் தந்தார். கை துடித்தது, ஆனாலும் கொழுவவில்லை. நாற்பது வருசம் மட்டக்களப்பு வாவிக் காற்றுக் குடித்த ஒரு மெஷினுக்கு எடுத்த எடுப்பில் கரண்ட் கொடுத்தால், பிழைத்திருக்கக்கூடிய பாகத்தையும் நாமே எரித்துவிடுவோம். இதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன், இன்றைக்கு எனக்கே சொல்லவேண்டி வந்தது.

2025 பெப்ரவரி 2, ஞாயிறு

காலையிலேயே காத்தான்குடிக் காக்காவுக்குப் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) போன் எடுத்தேன். எங்கள் கூட்டம் பெரியதில்லை: கொமடோர் 64 என்ற இன்னொரு பழைய கொம்பியூட்டர் வைத்திருக்கிற காக்கா, வந்தாறுமூலை கம்பஸில் படிக்கிற தம்பி, திருமலை வீதியில் ரேடியோ திருத்துகிற ஐயா, நான், அவ்வளவுதான். மாதத்தில் ஒருநாள் ஐயாவின் கடை விறாந்தையில் கூடுவோம். நான் மெஷினைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, காக்கா கேட்டது ஒரே கேள்விதான்: "கசெட்டுக்குள்ள என்ன இருக்கு தம்பி?" தெரியாது என்றேன். "அப்ப முதல்ல அதப் பாருங்க. மெஷின் போனா இன்னொண்டு வாங்கலாம், அவர் எழுதி வெச்சத எங்க போய் வாங்குற?"

சரியான பேச்சு. ஸ்பெக்ட்ரம் உலகம் முழுக்க 50 லட்சம் அளவில் விற்ற சாமான், கீபோர்ட் மெம்பிரேன்கூட (கீக்கு அடியில் வரும் பிளாஸ்டிக் தாள்) இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதன் மூளையான இசட்80 சிப்பை ஸைலொக் கம்பனி 1976இல் தொடங்கி 2024இல்தான் நிறுத்தியது, பழையவை தாராளமாகக் கிடைக்கும். பெரியப்பாவின் கசெட்டுக்கு வேறு பிரதி எங்கும் இல்லை.

மாலையில் அடப்டரை மட்டும் அளந்தேன். 9 வோல்ட் என்று எழுதியிருக்க மீட்டர் 13.6 காட்டியது, இது பழுது அல்ல, ரெகுலேட்டர் இல்லாத அடப்டர் சுமை இல்லாமல் அப்படித்தான் காட்டும். கவனிக்க வேண்டியது வேறு: ஸ்பெக்ட்ரத்தின் பிளக்கில் நடு முனைதான் மைனஸ். நம்மூர்க் கடைகளில் கிடைக்கிற 9 வோல்ட் அடப்டர்களில் அனேகமாக நடு முனை பிளஸ். பிளக் அழகாகப் பொருந்தும், ஆனால் உள்ளே போவது தலைகீழ் கரண்ட். தயவுசெய்து அளக்காமல் கொழுவாதீர்கள்.

2025 பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தின லீவு. கழற்றினேன்.

கீபோர்ட் மெம்பிரேனிலிருந்து சேர்க்கிட் போட்டுக்குப் போகிற இரண்டு பிளாஸ்டிக் நாடாவில் ஒன்று, எட்டுக் கோடு உள்ளது, தொட்டவுடன் காய்ந்த வாழைச் சருகு மாதிரி வெடித்தது. வருத்தம்தான், ஆனால் எதிர்பார்த்ததுதான். போட் நினைத்ததைவிடச் சுத்தம். கசெட்டின் ஒலி உள்ளே போகிற காது சொக்கெட்டைச் சுற்றி மட்டும் பச்சைக் களிம்பு. 99 சதவீத ஐசோபுரோப்பைல் அல்ககோலில் பழைய டூத்பிரஷைத் தோய்த்துத் தேய்க்கப் போய்விட்டது. பார்மசியில் விற்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் எண்ணெய் கலந்து வருவதுண்டு. எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களின் பட்டியலை எழுதி, கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கி அனுப்பும்படி மச்சானுக்கு அனுப்பினேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

இன்றைய நாளை மறக்கமாட்டேன். கசெட்டுகளோடு ஐயாவின் கடைக்குப் போய்ச் சேர, பதினொன்றரை போல நாடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. மின் உபநிலையம் ஒன்றில் குரங்கு பாய்ந்ததாம். திரும்பி வர நினைத்தேன், ஐயா விடவில்லை. "பற்றரியில ஓடுற ரெக்கோடர் இருக்கு, உன்ர லப்டொப்பில சார்ஜ் இருக்கு, பிறகு என்ன?"

முதல் கசெட்டின் ஜன்னல் வழியாகவே வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தது. அதை அப்படியே போட்டால் ரெக்கோடரில் நாடாவைப் படிக்கிற ஹெட் நாறிப்போகும், அடுத்த கசெட்டுக்கும் பரவும். கசெட் ஓடு ஒட்டிய வகை, ஸ்க்ரூ இல்லை. ஐயா பிளேட்டால் ஓரத்தைக் கீறி இரண்டாகப் பிளந்தார். நாடா அமர்கிற பஞ்சுத் துண்டு பிசின் விட்டுக் கழன்று கிடந்தது. இரண்டு சில்லையும் விரல் நுனியால் தூக்கி, ஸ்க்ரூ உள்ள வேறு ஒரு கசெட்டின் ஓட்டுக்குள் மாற்றினார். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன், அவர் கை நடுங்கவே இல்லை. பிறகு உலர்ந்த மெல்லிய துணிக்கு நடுவே நாடாவை மெதுவாக ஓட்டி, முன்னும் பின்னும் இரண்டு தரம் முழுதாகச் சுற்றிவிட்டோம்.

ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது. பாட்டுக் கசெட்டுக்கு அது கொஞ்சம் விலகி இருந்தாலும் பரவாயில்லை, கொம்பியூட்டர் கசெட்டுக்கு அதுதான் உயிர். ஒலி எந்த இடத்தில் மிகக் கூர்மையாகக் கீச்சிடுகிறதோ அங்கே நிறுத்தவேண்டும். ஒவ்வொரு கசெட்டுக்கும் புதிதாகத் திருகினோம், ஏனென்றால் அன்று பதிந்த ரெக்கோடரின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதற்குத்தான் நாமும் போகவேண்டும்.

அப்புறம்தான் கவனித்தேன், பதிவு அவ்வளவு சுத்தம். வழக்கமாக மெயின்ஸில் ஓட்டும்போது அடியில் கேட்கிற 50 ஹேர்ட்ஸ் உறுமல் துளியும் இல்லை. ரெக்கோடரும் பற்றரி, லப்டொப்பும் பற்றரி, ஊரிலேயே கரண்ட் இல்லை. 44.1 கிலோஹேர்ட்ஸ், மொனோ, சுருக்காத வேவ் கோப்பாக, ஒவ்வொரு பக்கமும் இரண்டு தரம். நாலாவது கசெட்டோடு சார்ஜ் முடிந்தது. இனிமேல் கரண்ட் இருந்தாலும் இப்படியே பற்றரியில்தான் எடுப்பேன்.

2025 பெப்ரவரி 12, புதன்

போயா (பௌர்ணமி) லீவு, எல்லோரும் வந்தார்கள். மிச்ச இரண்டு கசெட்டையும் எடுத்து முடித்தோம்.

காக்கா தன் கொமடோரின் பவர் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். செங்கல் மாதிரி கனக்கும், உள்ளே பிசின் ஊற்றி அடைத்தது, திறந்து திருத்த வழியில்லை. அதன் ரெகுலேட்டர் கிழண்டினால் சும்மா நின்றுவிடாது, 5 வோல்ட்டுக்கு மேலே ஏறி மெஷினின் ராம் சிப்புகளைச் சுடும். தம்பி அளந்தான்: 5.6. ஐந்தேகாலைத் தாண்டினாலே வேண்டாம் என்பதுதான் எங்கள் கணக்கு. காக்காவுக்கு அதன்மேல் பாசம், இருந்தாலும் ஒதுக்கி வைக்க ஒப்புக்கொண்டார். புது 5 வோல்ட் சப்ளையும் 9 வோல்ட் ஏசி ட்ரான்ஸ்போமரும் வைத்துத் தம்பி வேறொன்று கட்டித் தருவான்.

ரிவி பற்றியும் பேச்சு வந்தது. பிரித்தானிய மெஷின் நம்மூர் ரிவியில் வருமா என்று தம்பி கேட்டான். இரண்டு நாட்டுக்கும் பால் (PAL) என்ற ரிவி ஒளிபரப்பு முறைதான், ஒலியின் அலைவரிசை மட்டும் வேறு. ஸ்பெக்ட்ரத்தின் சத்தமோ ரிவிக்குப் போவதே இல்லை, உள்ளேயே ஒரு சின்ன ஸ்பீக்கர். ஆகவே யுஎச்எப் 36ஆம் சனலுக்குத் திருகினால் போதும், போட்டில் கை வைத்து வீடியோ வயர் இழுக்கத் தேவையில்லை. பழைய குழாய் ரிவிகளை இரும்புக்குப் போடாதீர்கள்.

ஐயா ஒரு பழைய கதை சொன்னார். அறிபுனை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் கொழும்பில் இருந்துகொண்டு, 1983, 84 காலத்தில், இதே இசட்80 சிப் உள்ள கேப்ரோ 2 கொம்பியூட்டரில் மோடம் வழியாக தன் கதையைப் படமெடுத்த, அமெரிக்காவில் இருந்த இயக்குநரோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தாராம். அதே காலத்தில் கோட்டைமுனையில் பெரியப்பாவும் இதைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார் என்று நினைக்க நெஞ்சு நிறைந்தது.

2025 பெப்ரவரி 15, சனி

கண்டென்சர் வந்தது, மாற்றினேன். ஐயா ஒரு கையில் சுவிட்ச், மறு கையில் மீட்டர் முனை. ராம் சிப்பின் 1ஆம் காலில் மைனஸ் 5 இருக்கவேண்டும், பூச்சியம். உடனே நிறுத்தினார். நினைவகத்தின் கீழ்ப்பக்க 16கேக்குரிய எட்டு 4116 சிப்புக்கும் மூன்று வோல்ட்டேஜ் வேண்டும், மைனஸ் 5 இல்லாமல் மற்ற இரண்டும் ஓடினால் சிப் வெந்துவிடும். காரணம் அனேகமாக டிஆர்4 என்ற ட்ரான்ஸிஸ்டர்தான். மாற்றினோம், மைனஸ் 5 வந்தது, ரிவியில் படமும் வந்தது, ஆனால் முழுக்கக் குத்துக் கோடுகள். விரல் வைத்துப் பார்க்க இரண்டு சிப் கொதித்தது. நாலு சிப்பும் ஒரு மெம்பிரேனும் வெளிநாட்டிலிருந்து ஓடர் பண்ணினேன்.

2025 பெப்ரவரி 16, ஞாயிறு

மெஷின் மேசையில் மௌனம். கசெட் பேசத் தொடங்கிவிட்டது.

வேவ் கோப்பை ஒடியோ2ரேப் என்ற கருவிக்குக் கொடுத்தால் ஃபியூஸ் எமுலேட்டர் (லப்டொப்புக்குள் ஸ்பெக்ட்ரம் மாதிரி நடக்கிற ப்ரோகிராம்) ஓட்டக்கூடிய கோப்பாக மாற்றித் தரும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் பத்து எழுத்துக்குள் ஒரு பெயர் இருக்கும். மூன்று கசெட் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு, அவை எல்லோரிடமும் உள்ளவை. ஒன்று வெறுமை. ஒன்றில் பெரியம்மாவின் தங்கை தேவாரம் பாடுகிறார், அதை வேறாக எடுத்து வைத்தேன். ஆறாவதில், ஆங்கில எழுத்தில் "தமிழ்1", "தமிழ்2".

"தமிழ்2" பிழை காட்டியது. துண்டின் கடைசியில் உள்ள சரிபார்ப்பு பைட், எங்கோ பிழை என்று மட்டும் சொல்லும், எங்கே என்று சொல்லாது. ஒருமணி நேரம் அலை வடிவத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன், நாடா மடிந்த இடத்தில் ஒலி செத்திருந்தது. பிறகுதான் மற்றப் பக்கம் ஞாபகம் வந்தது. பெரியப்பா அதே ப்ரோகிராமை அங்கேயும் பதிந்து வைத்திருக்கிறார், அது ஒரு குறையும் இல்லாமல் ஏறியது. உங்கள் கசெட்டில் மறுபக்கம் வெறுமையாகத் தெரிந்தாலும் கடைசிவரை ஓட்டி எடுங்கள்.

2025 பெப்ரவரி 18, செவ்வாய்

பெரியப்பா ஸ்பெக்ட்ரத்தில் தமிழ் எழுத்து செய்திருக்கிறார். இரண்டு நாளாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த மெஷினில் நாமே வரையக்கூடிய எழுத்து 21தான், ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளி, எட்டு பைட். தமிழுக்கு மெய் மட்டுமே 18. அவர் என்ன செய்திருக்கிறார் என்றால், நினைவகத்தில் 65368ஆம் இடத்தில் தொடங்குகிற முதல் தொகுதிக்குக் கீழே, 65200இல் இன்னொரு 168 பைட்டை ஒதுக்கி, எழுத்துத் தொகுதி எங்கே என்று மெஷின் பார்க்கிற 23675, 23676 ஆகிய இரண்டு இடத்திலும் போக் (நினைவகத்தில் நேராக எண் எழுதும் கட்டளை) பண்ணி, எழுத எழுத ஒரு தொகுதியிலிருந்து மற்றதற்குத் தாவுகிறார். புள்ளிக்குத் தனி எழுத்துச் செலவில்லை: ட வை அச்சிட்டு, ஒரு இடம் பின்னால் வந்து, ஓவர் 1 (முன்னதை அழிக்காமல் அச்சிடும் கட்டளை) போட்டு அதன் மேலேயே புள்ளியை வைக்கிறார். அதற்காக எல்லா எழுத்திலும் மேல் இரண்டு வரி வெறுமை.

சதுரக் கொப்பியை இப்போதுதான் விளங்கிக்கொண்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் நிறைத்த கட்டங்கள், ஓரத்தில் 128, 64, 32 என்று கூட்டல். ண வுக்கு மட்டும் நாலு பக்கம், அழித்து அழித்துத் தாள் தேய்ந்திருக்கிறது, மூன்று சுழி எட்டுப் புள்ளிக்குள் அடங்கவில்லை. கடைசியில் இரண்டு கட்டம் கொடுத்துவிட்டார். இன்னொன்று: கையெழுத்தில் எங்கும் அவர் னை யை யானைத் தும்பிக்கை போட்ட பழைய வடிவில்தான் எழுதுவார், அந்தக் கொப்பியிலேயே அப்படித்தான். திரையில் மட்டும் தமிழ்நாட்டில் 1978இல் வந்த வடிவம் மாதிரி ஐகாரக் குறியைப் பிரித்து வைத்திருக்கிறார். ஒரு குறி இருந்தால் எல்லா எழுத்துக்கும் காணும், இடம் மிச்சம்.

ப்ரோகிராம் வாய்ப்பாடு கேட்கிறது. "ஏழெட்டு எத்தனை?" 56 என்று அடித்தால் "சரி".

2025 மார்ச் 9, ஞாயிறு

நேற்றுச் சிப் வந்தது, சொக்கெட் வைத்தே போட்டோம். திரை ஒருகணம் கறுத்து, வெளுத்து, அடியில் © 1982 என்ற வரி. ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இன்று ஐயாவின் ரிவியையும் தூக்கிக்கொண்டு கோட்டைமுனைக்குப் போனோம். கசெட்டைப் போடவில்லை, அது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டின்னில் இருக்கிறது. லப்டொப்பிலிருந்தே காது சொக்கெட்டுக்கு ஓடவிட்டேன். ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும், பிறகு நீலமும் மஞ்சளும். அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டவுடனே பெரியம்மா குசினியிலிருந்து வந்து, இரவிரவாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றார்.

"ஏழெட்டு எத்தனை?" பெரியம்மா ஒரு விரலால் 54 என்று அடித்தார். நான் எப்போதும் சரியாகவே அடித்ததால் இந்தப் பக்கம் போனதே இல்லை. ப்ரோகிராமின் வரிகளைக் காட்டுகிற லிஸ்டில் இரண்டாம் தொகுதி எழுத்துகள் குழம்பித் தெரிவதால் அந்த வரி என் கண்ணிலும் படவில்லை. திரையில் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக வந்தது: "திரும்பப் பார் மனே".

பெரியம்மா கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, அடுத்த கேள்விக்கும் பிழையாகவே அடித்தார்.

இரண்டு கோப்பும் மூன்று இடத்தில் பிரதி இருக்கிறது. வருகிற போயாவுக்கு ஐயாவின் விறாந்தையில் பற்றரி ரெக்கோடரோடு இருப்போம். உங்கள் வீட்டு அலுமாரியில் இப்படி ஏதும் கிடந்தால் மெஷினைப் பிறகு பார்க்கலாம், கசெட்டை முதலில் கொண்டுவாருங்கள்.