தராசின் முள்

மின்விசிறியை நிறுத்திய பிறகுதான் தராசின் முள் அசையாமல் நின்றது.

இங்கே அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், பக்கத்து வீட்டுப் பெரியவர் பிரெய்ரி நாய் வேட்டைக்காக 22-250 ரெமிங்டன் வகைத் துப்பாக்கித் தோட்டாக்களைத் தம் கையாலேயே நிரப்புவதை இன்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர்தான் நாய், வளை தோண்டி வாழும் அணில் இனம் அது.

வெடிமருந்தை அவர் கிரெய்ன் கணக்கில் நிறுக்கிறார். ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 65 மில்லிகிராம். நம் பொற்கொல்லர்களின் குன்றிமணியைப் போல, அதுவும் ஒரு விதையின், அதாவது ஒரு தானியமணியின், எடையில் பிறந்த அளவுதான்.

ஐம்பது பித்தளைக் கூடுகளும் நிரம்பியதும், டார்ச் விளக்கை அடித்து, ஒவ்வொன்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். ஒன்றில் அளவுக்கு மீறி விழுந்திருந்தால் துப்பாக்கியே சிதறிவிடக்கூடும்.

400 கஜத்துக்கு அப்பால், குண்டின் வேகம் சீராக இல்லையென்றால் அது மேலும் கீழும் விலகும். அடிபட்ட உயிர் காயத்தோடு வளைக்குள் போய் வெகுநேரம் துடிக்கும். அந்த வலியை நினைத்தபோது, இத்தனை நுணுக்கமும் அவசியம் என்றே எனக்குப் பட்டது.

ஒரு கூட்டில் மட்டம் சற்று உயர்ந்து தெரிந்தது. அதைக் கவிழ்த்துக் கொட்டி, மறுபடியும் நிறுத்தார்.