திருகோணமலைச் சுற்றுலாவுக்கு வாடகை மொபிலிட்டி ஸ்கூட்டர்: எங்கே ஓடும், எங்கே ஓடாது

ஆடி, ஆவணி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்திறங்கியதும் வான் பிடித்துத் திருகோணமலைக்கு வெளிக்கிடுவது வழக்கம். நடக்கக் கஷ்டப்படும் அம்மம்மாவும் அப்பப்பாவும்தான் பெரும்பாலும் வானுக்குள்ளேயே இருந்துவிடுகிறார்கள். "நீங்கள் போட்டு வாங்கோ, நான் இதுக்குள்ள இருக்கிறன்" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஆசை இல்லாமல் அப்படிச் சொல்வதில்லை. மற்றவர்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறார்கள். வாடகைக்கு ஒரு மொபிலிட்டி ஸ்கூட்டர், அதாவது நடக்கக் கஷ்டப்படுகிறவர் இருந்தபடியே தானே ஓட்டும் சின்னப் பற்றரி வண்டி, எடுத்தால் இந்த நிலைமையை நிறையவே மாற்றலாம். ஆனால் அது கெட்டியான, சமதரையில் ஓடுவதற்கென்று செய்த வண்டி. திருகோணமலையில் பாதி பாறை, பாதி மணல். அதனால் எந்த இடத்துக்கு ஸ்கூட்டர், எந்த இடத்துக்குத் தள்ளும் சக்கர நாற்காலி என்பதை வீட்டிலிருந்தே பிரித்துக்கொண்டு, இரண்டையும் ஏற்றிக்கொண்டு போங்கள்.

எடுக்கும்போது மூன்று சில்லா நான்கு சில்லா என்று கேட்பார்கள். மூன்று சில்லு வண்டி குறுகிய இடத்தில் இலகுவாகத் திரும்பும், அறைக்குள் ஓட்ட நல்லது. வீதியோரச் சரிவிலும் கிடங்கிலும் அது ஒரு பக்கம் சாயப் பார்க்கும். இந்தப் பயணத்துக்கு நான்கு சில்லுதான் எங்கள் தெரிவு. கழற்றிப் பூட்டக்கூடிய சின்ன வகை ஸ்கூட்டர் மொத்தமாக 40 முதல் 45 கிலோ வரை வரும். துண்டுகளாகக் கழற்றினால் மோட்டர் இருக்கும் பின்பகுதிதான் ஆகப் பாரம், ஏறக்குறைய 15 கிலோ. பின்னால் இடமுள்ள வானில் கதிரை, பற்றரிப் பெட்டி, முன்பகுதி, பின்பகுதி எல்லாம் அடங்கும். ஓட்டோவில் ஆளையும் ஏற்றி இதையும் ஏற்ற முடியாது.

கழற்றும் ஒழுங்கு இதுதான். முதலில் திறப்பை வெளியே எடுங்கள். பிறகு கதிரையைத் தூக்குங்கள், அடுத்து பற்றரிப் பெட்டி. ஹாண்டில் தண்டை மடித்த பிறகு கடைசியாக முன்பகுதியையும் பின்பகுதியையும் பிரியுங்கள். பூட்டும்போது இதே ஒழுங்கைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். கடைக்காரர் செய்துகாட்டும்போதே கைப்பேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். பூட்டி முடிந்ததும் கதிரையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். கொளுவி சரியாக விழாத கதிரை, ஆள் இருந்த பிறகு சட்டென்று சுழன்றுவிடும்.

ஓட்டுவது கடினமில்லை. ஹாண்டிலில் இருக்கும் நெம்பை ஒரு பக்கம் அழுத்தினால் முன்னுக்குப் போகும், மற்றப் பக்கம் அழுத்தினால் பின்னுக்கு வரும். விரலை எடுத்தவுடன் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். பயத்தில் இறுக்கிப் பிடிப்பதுதான் புதிதாக ஓட்டுகிறவர்கள் விடும் பிழை. இறுக்கினால் வண்டி பாயும். "பயந்தால் கையை விடுங்கோ" என்ற ஒரே வசனத்தை அம்மம்மாவுக்குப் பத்துத் தரம் சொல்லிக் கொடுங்கள். வேகத் திருகியை முதல் நாள் முழுக்க ஆகக் குறைந்த அளவிலேயே வையுங்கள்.

ஏறும்போதும் இறங்கும்போதும் திறப்பைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். எழும்புகிறவர் ஹாண்டிலைப் பிடித்து ஊன்றுவார், அந்த நேரம் முழங்கையோ கைப்பையின் வாரோ நெம்பில் பட்டால் வண்டி அவரை இழுத்துக்கொண்டு போகும். சேலை உடுத்தவர்களுக்கு இன்னொரு கவனமும் வேண்டும். முந்தானையைச் சுற்றி எடுத்து மடியில் செருகிவிடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தொங்கும் முந்தானை நேரே பின்சில்லுக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும். வேட்டிக் கரைக்கும் இது பொருந்தும்.

திடீரென்று வண்டி ஓடாமல் நின்றால் உடனே பழுது என்று நினைக்க வேண்டாம். பின்சில்லுப் பக்கம் உள்ள விடுவிப்பு நெம்பை யாராவது தட்டிவிட்டிருக்கலாம். சார்ஜர் வயர் இன்னும் செருகியபடி இருக்கலாம். ஓட்டும் நெம்பை அழுத்திக்கொண்டே திறப்பைத் திருகினாலும் வண்டி மறுக்கும், அப்போது நிறுத்தி, கையை எடுத்து, மறுபடி திருகினால் சரி. அதுவும் இல்லையென்றால் பற்றரிப் பெட்டியில் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும் சின்னப் பொத்தானை உள்ளே அமத்துங்கள். விடுவிப்பு நெம்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதைத் தட்டினால் பிரேக் முழுக்க விடுபட்டுவிடும். சரிவில், ஆள் இருக்கும்போது, அதைத் தொடவே கூடாது.

பற்றரி விஷயத்தில் விளம்பரக் கணக்கை நம்பவேண்டாம். சின்ன ஸ்கூட்டர்களில் பொதுவாக ஈயப் பற்றரிகள் இரண்டு இருக்கும். 15 கிலோமீற்றர் ஓடும் என்று எழுதியிருந்தால் 8 என்று வைத்துத் திட்டமிடுங்கள். வாடகை வண்டியின் பற்றரி ஏற்கனவே களைத்தது, அதோடு ஏற்றமும் காற்றும் நின்று நின்று போவதும் சேரும். ஏற்றத்தில் பற்றரி அளவு காட்டும் முள் விழுந்தால் பதற வேண்டாம், சமதரைக்கு வந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். இரவில் விடுதிக்கு வந்தவுடன், கொஞ்சம் ஆறவிட்டு, விடியும் வரை சார்ஜில் போடுங்கள். ஈயப் பற்றரியைக் குறைந்த சார்ஜுடன் அப்படியே விட்டால் அதன் ஆயுள் போய்விடும். கனடாவிலிருந்து சொந்த ஸ்கூட்டரைக் கொண்டுவருகிறவர்கள் சார்ஜரின் பின்பக்கத்தைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். 110 அல்லது 120 மட்டும் என்றால் எங்கள் 230 வோல்ட்டில் கருகிவிடும்.

விடுதி பிடிக்கும்போது "கீழ்மாடி இருக்கா" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வாசற்படியின் உயரத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள். சின்ன ஸ்கூட்டரின் அடிப்பகுதி தரையிலிருந்து சில சென்ரிமீற்றர்தான் உயரம். 10 சென்ரிமீற்றர் படிக்கு 120 சென்ரிமீற்றர் நீளமான பலகை வேண்டும், 1க்கு 12 என்ற கணக்கு. பலகையில் நேராக ஏற வேண்டும். சரித்து ஏறினால் ஒரு பக்கம் தூக்கும்.

இனி இடங்கள். ஸ்கூட்டருக்கு ஆகப் பொருத்தமானவை நகரின் கடற்கரையோரமும் உட்துறைமுக வீதியும். பின்னேரம் நான்கரைக்குப் பிறகு வெயில் தணிந்ததும் போங்கள். தார் வீதி, கடல் காற்று, அம்மம்மா தானே ஓட்டிக்கொண்டு தான் நினைத்த இடத்தில் நிற்கலாம். இந்த ஒரு மணித்தியாலத்துக்காகவே வாடகைக் காசைக் கொடுக்கலாம். மான்கள் நகருக்குள் சாதாரணமாகத் திரியும், குறுக்கே வந்தால் ஹோர்ன் அடிக்காமல் நின்று விடுங்கள். ஒருவர் முன்னால் நடந்துபோனால் சனத்துக்குள் யாருடைய குதிகாலிலும் முட்டாமல் போகலாம்.

கோணேசர் கோயிலுக்கு ஸ்கூட்டரில் ஏற நினைக்க வேண்டாம். பிரெட்ரிக் கோட்டை வாசலால் உள்ளே போனபின் வீதி, கோயில் இருக்கும் சுவாமி மலைக்கு ஏறத் தொடங்கும். சின்ன வண்டிகள் ஏறக்கூடிய சரிவு 6 முதல் 8 பாகை வரைதான். அதற்கு மேல் போனால் மோட்டர் சூடாகித் தானாக நின்றுவிடும், அதுவும் சரிவின் நடுவில். வான் போகக்கூடிய தூரம் வரை வானிலேயே போய், அங்கிருந்து தள்ளும் நாற்காலியில் ஏறுங்கள். பலமான இரண்டு பேர் தேவை. படிகளில் நாற்காலியின் முதுகுப்பக்கம் மேலே இருக்கும்படி, பின்னோக்கி இழுத்து ஏற்றுங்கள். இறக்கும்போது ஆளின் முகம் முன்னால் பார்க்க, ஒருவர் கீழே நின்று தாங்க வேண்டும். காலைப் பூசைக்குப் போனால் தரை சுடாது.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஏழு கிணற்றையும் சுற்றி எப்போதும் ஈரம். ஸ்கூட்டரை வெளியே பூட்டிவைத்து, தண்ணீரை வாளியில் கொண்டுவந்து காலில் ஊற்றினாலே அவர்களுக்குப் போதும். புறாத்தீவுக்குப் படகேறக் கடலுக்குள் இறங்க வேண்டும், அதை விட்டுவிடுங்கள்.

நிலாவெளியிலும் உப்புவெளியிலும் மணல் தொடங்கும் இடத்தோடு ஸ்கூட்டர் நிற்கட்டும். காய்ந்த மணலில் சின்னச் சில்லு புதையும். அலையோரத்து ஈர மணல் கெட்டியாகத் தெரிந்தாலும் இறக்க வேண்டாம், உப்புத் தண்ணீர் மோட்டருக்குள் போனால் வைப்புப்பணம் திரும்பி வராது. கைபிடியுள்ள பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போங்கள். கதிரைக் கால்கள் புதையாமல் அடியில் ஒரு ஒட்டுப்பலகைத் துண்டு போட்டால், அலை வந்து பாதத்தைத் தொடும் இடத்திலேயே இருக்கலாம்.

திருப்பிக் கொடுக்க முன் ஈரத் துணியால் துடைத்தால் போதும், குழாயால் தண்ணீர் அடிக்க வேண்டாம். திறப்பு, சார்ஜர், கூடை மூன்றையும் விடுதி அறையிலேயே எண்ணி ஏற்றுங்கள். சார்ஜர் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பிளக்கில் மறந்துபோவதுதான் அதிகம்.