கருமைக்குள் ஓடும் சாயல்

என் தங்கையின் திருமணத்தன்று, அவள் முகம் கழுத்தோடு ஒட்டாமல் சாம்பல் பூசியதுபோல் வெளிறியிருந்ததைக் கண்டு மனம் வெதும்பினேன். முகத்துக்குச் சீரான நிறம் தரப் பூசிய ஃபவுண்டேஷன் என்ற அடிப்பூச்சு அவள் நிறத்தைவிட வெளுப்பாக இருந்ததோடு, அதன் அடிச்சாயலும் பொருந்தவில்லை.

தோலின் கருமை ஒரே நிறமன்று. அதனுள் பொன்மஞ்சளோ, செம்மையோ, நீலம் கலந்த சிவப்போ, ஆலிவ் பச்சையோ இழையோடும். வெயிலில் தோல் கறுத்தாலும் அந்தச் சாயல் பெரிதாக மாறுவதில்லை. இந்தச் சாயலை அறிய, மணிக்கட்டு நரம்பு பச்சையா, நீலமா என்று பார்க்கச் சொல்லும் வழக்கமான சோதனை, மெலனின் என்ற கருநிறமி மிகுந்த தோலில் நரம்பே தெளிவாகத் தெரியாததால், நமக்கு அதிகம் உதவாது. ஆகவே நான் மூன்று ஃபவுண்டேஷன் நிறங்களைத் தாடையிலிருந்து கழுத்துவரை கோடுகளாக இழுத்து, பத்து நிமிடம் பொறுத்து, சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறேன். சில கலவைகள் பூசிய பிறகு கறுக்கும் என்பதால் இந்தக் காத்திருப்பு மிக அவசியம். தோலில் கரைந்து காணாமல் போகும் கோடே நமக்குரியது.

டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெண்ணிறமி மிகுந்த கலவைகள் கருந்தோலில் எளிதில் சாம்பல் பூக்கும். கருவளையத்தின் மேலும் கறைகளை மறைக்கும் கன்சீலரை வெளிறிய நிறத்தில் நேரே தடவாமல், முதலில் அதன் நீலச்சாயலை மட்டுப்படுத்தும் ஆரஞ்சு நிறக் கரெக்டர் பூச்சை விரல்நுனியால் மெல்ல ஒற்ற வேண்டும்.

மறுவீட்டு விருந்துக்குத் தங்கைக்கு நானே செம்பொன் சாயலுள்ள கலவையைப் பூசினேன். தாடைக்குக் கீழே கோடே தெரியவில்லை.