எழுத்தர் இழுத்தடித்ததில் நான் இழந்த ஒரு பருவம்

ஒரு எழுத்தரின் அலட்சியத்தால் என் ஆய்வில் ஒரு பருவம் முழுதாகப் போயிற்று. இன்னும் ஆறவில்லை. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு இது நேரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

செட்டிநாட்டில் கிடை போடும் (வயலுக்கு உரமாக ஆடுகளை இரவில் அடைக்கும்) ஆட்டுக்காரர்கள் மழை பொய்க்கும் ஆண்டுகளை எப்படித் தாண்டுகிறார்கள், அவர்களுக்கு மேய்ச்சல் தரை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே என் ஆய்வு. பல்கலைக்கழக அனுமதி எளிதில் கிடைத்தது. அடுத்து, தேவகோட்டைப் பக்கத்துச் சில ஊர்களின் மேய்க்கால் புறம்போக்குகளை, அதாவது மேய்ச்சலுக்கு விட்ட அரசு நிலங்களை, ஊரின் நில விவரங்கள் அடங்கிய ‘அ’ பதிவேட்டில் பார்த்துக் குறித்துக்கொண்டு, மந்தையை நடத்தும் கீதாரிகளோடு அந்த இடங்களில் நடக்க வேண்டும். இணையத்தில் புல எண்ணைக் கொடுத்தால்தான் விவரம் வரும். எனக்கு வேண்டியதோ அந்த எண்களே. அதனால் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனேன்.

“பட்டா யார் பெயரில்?” என்றார் எழுத்தர்.

“புறம்போக்கு, ஐயா. பட்டா இருக்காது.”

“அப்புறம் உங்களுக்கு எதற்கு?”

என் ஆய்வு வழிகாட்டியின் கடிதத்தை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் என்றார், பிறகு பொங்கல் கழியட்டும் என்றார். பொங்கல் கழிந்தது. சம்பா அறுத்த வயல்களில் கிடை போட ஆடுகள் தஞ்சாவூர்ப் பக்கம் கிளம்பிவிட்டன. நான் உடன் நடக்க வேண்டிய கீதாரியும் அவற்றோடு போய்விட்டார். இனி ஐப்பசி மழைக்குத்தான் திரும்புவார்.

கோபத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஏன் தரவில்லை என்று கேட்காதீர்கள்; இன்ன ஊரின் மேய்க்கால் பதிவுகளின் நகல் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். 30 நாள் கடந்தும் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு செய்ததும் நகல்கள் வீடு தேடி வந்தன. அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

ஐப்பசியில் கீதாரி என்னை அழைத்துப்போனார். பதிவேட்டில் மேய்க்கால் என்று இருந்த இடத்தில் சீமைக்கருவேலம் அடைத்து நின்றது. “கொழுக்கட்டைப்புல் இடுப்பளவு நின்ற தரை, தாயி” என்றார். 2017இல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்ன உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு வெட்டினார்களாம். வேரை விட்டுவிட்டதால் மறுபடி தழைத்துவிட்டது. ஆனால் பங்குனி, சித்திரையில் அதன் நெற்றுதான் ஆடுகளைக் காப்பாற்றுகிறது என்பதையும் அவரே சொன்னார். நாட்டு மரமான வெள்வேலும் புல்லும் வளர்வதற்குள் மொத்தமாகப் பிடுங்கினால் கோடையில் ஆடு எதைத் தின்னும்? இந்தக் கேள்வியை அவர் சொல்லித்தான் நான் கேட்டேன்.

நீங்கள் போவதானால் ஆடி மாதத்திலேயே மனுவைப் போட்டுவிடுங்கள். மேல்முறையீடு வரை போனாலும் கிடை ஊர் திரும்பும்போது நகல் கையில் இருக்கும். ஆய்வில் பங்கேற்கச் சம்மதம் கேட்கும் ஒப்புதல் படிவத்தை ஆட்டுக்காரர்களிடம் முதல் நாளே நீட்டாதீர்கள். கையெழுத்து என்றதும் நிலத்தைப் பிடுங்க வந்தவர்கள் என்றே நினைக்கிறார்கள், அப்படி நினைக்க அவர்களுக்குக் காரணமும் இருக்கிறது.