செம்பனை வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுப்பது: படிவத்திலிருந்து முதல் மூன்று மாதம் வரை

செம்பனை (எண்ணெய்ப்பனை) வெட்டுகிறவரைப் படிவத்தில் 'பொதுத் தொழிலாளி' என்றுதான் எழுதுகிறோம். நாற்பதடி உயரத்தில் மட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் குலையைக் கீழே நின்றபடி பார்த்து, பழுத்ததா காயா என்று முடிவெடுத்து, அரிவாள் கட்டிய அலுமினியக் கம்பைத் தூக்கி இரண்டு இழுப்பில் இறக்குவது தேர்ந்த கைத்தொழில். படிவம் அதை மறைத்தாலும் ஆள் எடுக்கிறவர் மறக்கக்கூடாது. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் முன்னூறு, நானூறு ஏக்கர் வைத்திருக்கும் தனியார் தோட்டங்களுக்காக நாங்கள் செய்துவரும் முறை இது.

காகித வேலை நீளம்தான், ஆனால் புதிர் எதுவும் இல்லை. முதலில் மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் உள்ளூர் ஆட்களுக்கு விளம்பரம். பிறகு 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60கே பிரிவின்படி தொழிலாளர் இலாகாவின் முன் அனுமதி. இது 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம். அதன்பின் கோட்டா (எத்தனை ஆள் எடுக்கலாம் என்ற அனுமதி), லெவி (அந்நியத் தொழிலாளருக்காக அரசுக்குக் கட்டும் தொகை), விசா, கடைசியில் தற்காலிக வேலை பெர்மிட். விண்ணப்பிக்கும்போது ஆளுக்கு 18 முதல் 45 வயது இருக்கவேண்டும். தீபகற்பத்தில் தோட்டத் துறைக்கு லெவி ஆண்டுக்கு 640 வெள்ளி (ரிங்கிட்), சேவைத் துறைக்கு 1,850. இந்த வித்தியாசத்தைப் பார்த்து, டவுனில் இருக்கும் சொந்தப் பட்டறைக்கு வேண்டிய ஆளைத் தோட்டக் கணக்கில் எடுக்கலாமே என்று சில முதலாளிகளுக்குத் தோன்றும். பெர்மிட் எந்தத் துறைக்கோ அந்தத் துறையில் மட்டும்தான் வேலை. சோதனை வந்தால் ஆளும் மாட்டுவார், முதலாளியும் மாட்டுவார்.

இந்தியப் பயணிகளுக்கு 30 நாள் விசா தேவையில்லை என்றானதும் இன்னொரு குறுக்குவழி கிளம்பியது: "இப்போ சுற்றுலாவா வரட்டும், பெர்மிட்டை அப்புறம் பார்த்துக்கலாம்." வேண்டவே வேண்டாம். முறையான பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால், குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவு ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கிறது. சிறையும் உண்டு.

இந்தியப் பக்கத்தில் முதலாளி இமைகிரேட் என்ற இந்திய அரசின் குடிபெயர்வுத் தளத்தில் பதிந்துகொள்ள வேண்டும். வேலை ஒப்பந்தத்துக்குக் கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தின் சான்று வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு, மலேசியா போவதென்றால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும். அதோடு பிரவாசி பாரதிய பீமா காப்புறுதியைச் சேர்த்து எடுத்துவிடுங்கள். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், காப்பு பத்து லட்சம்.

வந்த ஆள் ஆறாம் மாதம் ஓடிப்போவதற்கான காரணத்தைப் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். அது கடன். பதிவுபெற்ற இந்திய ஏஜெண்ட் ஓர் ஆளிடம் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாய். 18 விழுக்காடு வரி சேர்ந்தால் 35,400. கிராமத்தில் அவருக்குக் கீழே ஒரு துணை ஏஜெண்ட் இருப்பார். அவர் கைக்குப் போகும் பணத்துக்கு ரசீது கிடையாது. வட்டிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிற மனிதர், பக்கத்துத் தோட்டத்தில் டன்னுக்கு இரண்டு வெள்ளி கூட என்று காதில் விழுந்தால் நிற்கமாட்டார். அவரைத் திட்டிப் பயனில்லை, கணக்கு அப்படி. ஏஜெண்ட் கட்டணம், டிக்கெட், விசா, மருத்துவம் எல்லாவற்றையும் முதலாளியே கட்டிவிடுவதுதான் மலிவு. ஓர் ஆள் ஓடினால் அந்த வருட லெவி போகும், அறுவடைச் சுற்று தள்ளிப்போகும், உதிரிப் பழம் மரத்தடியில் கிடந்து அழுகும்.

வீடியோ அழைப்பில் "யாருக்காவது பணம் கொடுத்தீங்களா?" என்று கேட்டால் "இல்லைங்க" என்றுதான் பதில் வரும். அப்படிச் சொல்லச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். "வீட்டு நகை அடகுல இருக்கா? மாசம் எவ்வளவு வட்டி போகுது?" என்று கேளுங்கள். மனைவி பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் இன்னும் நல்லது. தொகை தெரிந்துவிட்டால் அந்த ஏஜெண்டோடு பேச்சை முறித்துக்கொள்வதா, பணத்தைத் திருப்பித் தரவைப்பதா என்று அப்போதே முடிவு செய்யலாம்.

அந்த அழைப்பிலேயே சம்பளத்தையும் உடைத்துச் சொல்லிவிடவேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலையென்றால் நாளுக்கு 65.38. டன் கணக்கில் கூலி கொடுத்தாலும் மாத மொத்தம் 1,700-க்குக் கீழே போகக்கூடாது, குறைந்தால் முதலாளி நிரப்பித் தரவேண்டும். மழையென்று ஆளைச் சும்மா உட்கார வைக்கவும் முடியாது. தோட்டத்தில் நாட்கூலிக்கு வேலை செய்கிறவருக்கு மாதம் 24 நாள் வேலை கொடுக்கவேண்டும், கொடுக்க முடியாத நாளுக்கும் கூலி உண்டு என்கிறது வேலைவாய்ப்புச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. பிடித்தம் என்று பார்த்தால், 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து அந்நியத் தொழிலாளருக்கும் இபிஎஃப் (சேமநிதி) கட்டாயம். ஆள் இரண்டு விழுக்காடு, முதலாளி இரண்டு விழுக்காடு. சொக்சோவில் (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) வேலையிட விபத்துக்கான 1.25 விழுக்காடு முழுக்க முதலாளி பொறுப்பு. 2024 ஜூலையில் வந்த இயலாமைத் திட்டத்துக்கு ஆள் அரை விழுக்காடு, முதலாளி அரை விழுக்காடு. ஆக 1,700-இல் 34 வெள்ளி இபிஎஃபுக்கும் எட்டு வெள்ளி சில்லறை சொக்சோவுக்கும் போகும். தொகை சிறியதுதான். ஆனாலும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் முதல் சம்பளச் சீட்டைப் பார்க்கிற அன்று "ஏமாத்திட்டாங்க" என்ற பேச்சு லயம் (தொழிலாளர் குடியிருப்பு) முழுக்கப் பரவிவிடும்.

தங்குமிடத்துக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வேண்டும். அதில் அடிபடுவது பெரும்பாலும் அறையின் அளவு. 2020 விதிகளின்படி சாதாரண வீடாக இருந்தால் படுக்கையறையில் ஆளுக்கு 3.6 சதுர மீட்டர். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்று ஏறக்குறைய 11.1 சதுர மீட்டர் வரும். மூன்று பேருக்கு 10.8, சரி. நாலாவது கட்டில் போட்டால் சான்றிதழ் கிடையாது. பழைய லயத்து வீட்டு அறைகளில் எல்லாரும் வழுக்கி விழுவது இந்த நாலாவது கட்டிலில்தான். மெத்தை நாலு அங்குலத்துக்குக் குறையக்கூடாது. ஆறு பேருக்கு ஒரு கழிவறை, ஒரு குளியலறை. ஒவ்வொருவருக்கும் பூட்டு வைத்த அலமாரி, 35 செண்டிமீட்டர் அகல ஆழம், 90 செண்டிமீட்டர் உயரம். வாடகை பிடிப்பதென்றால் மாதம் 100 வெள்ளிக்கு மேல் கூடாது. நாங்கள் பிடிக்கவேண்டாம் என்றுதான் சொல்வோம்.

அலமாரிச் சாவி ஆளிடமே இருக்கட்டும், ஏனென்றால் பாஸ்போர்ட் அதற்குள்தான் இருக்கவேண்டும். 'பத்திரத்துக்கு' என்று ஆபீஸ் இரும்புப் பெட்டியில் வாங்கி வைக்கும் பழக்கம் இன்னும் சாகவில்லை. 1966 பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆவது பிரிவின் கீழ் அது குற்றம். சட்டத்தை விடுங்கள், சிம் கார்டு வாங்க, வங்கிக் கணக்கு திறக்க, ஊருக்குப் பணம் அனுப்ப எல்லாவற்றுக்கும் பாஸ்போர்ட் வேண்டும். ஒவ்வொரு தடவையும் கிராணியை (ஆபீஸ் எழுத்தரை) கெஞ்ச வைப்பது நன்றாகவா இருக்கிறது?

வந்து இறங்கிய 30 நாளுக்குள் ஃபொமீமா (அந்நியத் தொழிலாளருக்கான மருத்துவச் சோதனை). இதில் தோற்றால் ஆளைத் திருப்பி அனுப்பவேண்டி வரும். எக்ஸ்ரேயில் பழைய காசத் தழும்பு தெரிந்து சிக்கிக்கொள்வது உண்டு. அதனால் ஊரில் எடுத்த எக்ஸ்ரே படத்தையும் மருத்துவச் சீட்டுகளையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள், மேல்முறையீட்டுக்கு உதவும்.

இனி வெட்டு. தென்னை ஏறிப் பழகியவர் செம்பனைக்கும் சட்டென்று பழகிவிடுவார் என்று நினைப்பது பாதி சரி. உயரத்துக்குக் கண் பழகியிருக்கும், கம்புக்குக் கை பழகியிருக்காது. முதல் வாரம் கம்பையே கொடுக்காதீர்கள். உதிரி பொறுக்கட்டும், குலையைப் பார்க்கப் பழகட்டும். செம்பனை வாரியத்தின் தரப்படி, பழுத்த குலையில் பழம் உதிர்ந்த புதுக் குழி குறைந்தது பத்து இருக்கவேண்டும். வெட்டி விழுந்த குலையைப் புரட்டி அவரையே எண்ண வைத்தால் மூன்றாம் நாள் மேலே பார்த்தே சொல்லிவிடுவார். இரண்டாம் வாரம் குட்டை மரம், உளி. பிறகு குட்டைக் கம்பு. உயர மரம் மூன்றாம் மாதம்தான். காம்பு ஐந்து செண்டிமீட்டருக்கு மேல் நீண்டால் ஆலையில் எடையைக் கழித்துவிடுவார்கள், அதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடவேண்டும். காய்க்குலை வெட்டினார் என்று கூலியில் அபராதம் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை.

பழைய ஆளோடு புதியவரை ஜோடி சேர்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இருவருக்கும் டன் கணக்கென்றால் பழைய ஆளின் வருமானம் விழும். அவர் என்ன செய்வார்? புதியவரை மூன்று மாதமும் உதிரி பொறுக்கவே விட்டுவிடுவார். மண்டோரும் (மேற்பார்வையாளரும்) கண்டுகொள்ளமாட்டார், டன் வந்தால் அவருக்குப் போதும். ஆகவே கற்றுக்கொடுக்கிறவருக்குத் தனியாக ஒரு படித்தொகை போடுங்கள். புதியவருக்கு அந்தக் காலத்தில் நாட்கூலியே கொடுங்கள்.

ஆபத்துகளில் ஒன்றை மட்டும் கையைப் பிடித்துக் காட்டவேண்டும்: மின்கம்பி. அலுமினியக் கம்பு கம்பியைத் தொட்டால் ஆள் பிழைப்பது அரிது. கம்பியோரத்து வரிசை மரங்களில் சிவப்புச் சாயம் அடித்து, அங்கே புதியவரை அனுப்பவே கூடாது. தலைக்கவசம், கண்ணாடி, அரிவாளுக்கு உறை. முள் குத்தினால் அன்றைக்கே எடுத்தாகவேண்டும், மூட்டில் தங்கிய முள் விரலையே மடக்கவிடாமல் செய்துவிடும்.

தமிழ்தானே பேசுகிறார் என்று மொழியை விட்டுவிடுவதும் தவறு. பெரட்டு (வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவது), மண்டோர், கிராணி, லயம் என்றால் ராமநாதபுரத்துக்காரருக்கு என்ன புரியும்? "நாளைக்கு அஞ்சரைக்குப் பெரட்டு" என்று மண்டோர் சொல்லிவிட்டுப் போக, ஆள் ஆறரைக்கு வந்து நின்று திட்டு வாங்குவார். இருபது சொல்லை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினால் தீர்ந்தது.

பெர்மிட் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கவேண்டியது. முடிவதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள், பாஸ்போர்ட் காலாவதித் தேதியையும் அதோடு பாருங்கள். ஒரேயடியாக ஊருக்குத் திரும்புகிறவருக்குக் குடிநுழைவுத் துறையின் வெளியேற்றக் குறிப்பை எடுத்து, கடைசிச் சம்பளத்தைக் கணக்கு முடித்து, இபிஎஃப் பணத்தை எடுக்கும் விண்ணப்பத்தை அவர் இங்கே இருக்கும்போதே தொடங்கிக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பணம் வந்து சேரும்வரை இங்குள்ள வங்கிக் கணக்கை மூடவேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள்.