மின்னல் என்று எழுதி வாங்கிய நான்கு மதிப்பெண்

ஏரோநாட்டிக்கல் மூன்றாம் ஆண்டு, விமானப் பாதுகாப்புத் தாள். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேரைப் பலிகொண்ட ஏர் பிரான்ஸ் 447 பற்றிய கேள்வி: "கறுப்புப் பெட்டி கிடைக்கும் முன் என்னென்ன காரணங்களை ஊகிக்கலாம்?" வழியில் இடிமழை மேகங்கள் இருந்தது எனக்குத் தெரியும். மின்னல் என்று முடிவு கட்டி நாலு பக்கம் எழுதினேன். 16-க்கு 4.

விடைத்தாளைப் பார்த்தபோதுதான் புரிந்தது. கேட்டது விடையை அல்ல, ஊகிக்கும் முறையை. ஒவ்வொரு ஊகத்துக்கும் பக்கத்தில், அதை எது உறுதி செய்யும், எது அடித்துப் போடும் என்று எழுத வேண்டும்.

இந்த விபத்தில் அதற்குத் தீனி நிறைய. விமானம் கடைசி நிமிடங்களில் தானாகவே 24 பராமரிப்புச் செய்திகளை அனுப்பியிருந்தது. வேக அளவீடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பது அவற்றிலிருந்தே தெரிந்தது. குண்டு வெடித்ததா? மிதந்து கிடைத்த பாகங்கள் நசுங்கியிருந்த விதம், விமானம் உடையாமல் அடிவயிறு படத் தண்ணீரில் மோதியதைக் காட்டியது. நடுவானில் சிதறியது என்ற ஊகம் அங்கேயே அடிபட்டுப்போகிறது. கிடைத்த உயிர்காப்பு அங்கிகளில் காற்று நிரப்பப்படவில்லை; ஆக, பயணிகள் கடலில் இறங்கத் தயாராகவும் இல்லை. கறுப்புப் பெட்டிகள் 2011 மே மாதம் ஏறக்குறைய 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து வந்தன. அதற்கு முன்பே இவ்வளவு!

அப்புறம் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. இந்த முறை உஷாராக, "பிட்டோ குழாயில் பனி அடைத்து வேக அளவீடு தவறியது, அதுதான் சார் காரணம்" என்றேன். (காற்றின் அழுத்தத்தை வைத்து விமானத்தின் வேகத்தை அளக்க உதவும் குழாய் அது.) வெளித்தேர்வாளர் சிரித்தார். "அதே மாதிரி அடைத்த வேறு விமானங்கள் பத்திரமாக இறங்கினவே தம்பி, இது மட்டும் ஏன் விழுந்தது?"

திணறித்தான் சொன்னேன்: ஆட்டோபைலட் விலகியது, துணை விமானி விமானத்தின் மூக்கை மேலே தூக்கியபடியே இருந்தார், ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) எச்சரிக்கை ஒலித்தும் யாருக்கும் நிலைமை பிடிபடவில்லை, சுமார் 38,000 அடியிலிருந்து மூன்றரை நிமிடத்தில் கடல். அவர் விடவில்லை. "எச்சரிக்கை ஒலித்தும் ஏன் பிடிபடவில்லை?" பயிற்சி, இரவு, காக்பிட் குழப்பம் என்று இழுத்தேன்.

உங்களுக்கு இப்படி ஒரு கேள்வி வந்தால், எழுதுவதற்கு முன் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிமிடம் செலவிடுங்கள்: ஊகம், ஆதரவு, எதிர்ப்பு என மூன்று நெடுவரிசை. பிடித்துப்போன ஊகத்தைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் எழுதினால் மற்றதற்கெல்லாம் கை போகாது, என் மின்னல் மாதிரி.