நச்சுக்கொடி யாருடையது?

உசிலம்பட்டிப் பக்கத்து எங்கள் கிராமத்தில், என் தங்கைக்கு எட்டாம் மாதத்தில் பிரீஎக்லாம்ப்சியா எனும் கர்ப்பகால நோயால் இரத்த அழுத்தம் ஏறி, முகமும் கைகளும் வீங்கி, மதுரைக்குக் கொண்டுபோய் அவசரமாகக் குழந்தையை எடுக்க வேண்டியதாயிற்று. இருவரும் இன்று நலம். ஆனால் 'அவள் உடம்பு வாகு அப்படி' என்று உறவினர் சொன்ன சொல் என்னை இன்னும் வருத்துகிறது.

இந்நோயோடு நெருங்கிய தொடர்புடையது, கருப்பையில் குழந்தையைத் தாயோடு இணைத்து ஊட்டம் தரும் நச்சுக்கொடி. அதன் பெரும்பகுதி தாயின் திசு அன்று. குழந்தை உருவாகும் அதே கருவுற்ற முட்டையிலிருந்தே அதுவும் வளர்வதால், அதன் மரபணுக்களில் பாதி தந்தையிடமிருந்து வந்தவை. அதன் செல்கள் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, அங்குள்ள சுருள் தமனிகளை அகலமாக்கி, தாயின் இரத்தம் நச்சுக்கொடிக்குத் தாராளமாகக் கிடைக்கச் செய்கின்றன. இவ்வேலை சரிவர நடக்காதபோது, எஃப்எல்டி-1 மரபணு தரும் புரதத்தின் ஒரு வடிவம் தாயின் இரத்தத்தில் மிகுதியாகக் கலந்து, இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பாதிக்கிறது. அம்மரபணுவுக்கு அருகில் குழந்தையின் மரபணுத் தொகுதியில் காணப்படும் ஒரு மாறுபாடு, இந்நோயின் அபாயத்தைக் கூட்டுவதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அம்மாறுபாடு இருந்தும் சிக்கலின்றி முடியும் கர்ப்பங்களே மிகுதி. தாயின் மரபணு, வயது, முதல் கர்ப்பம், சர்க்கரை நோய் ஆகியவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

நலமான பேறுகளிலும் நச்சுக்கொடியின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி மரபணு மாற்றங்களைக் கொண்டிருப்பது 2021இல் தெரியவந்தது. இதை வாசித்தபோது வியந்துபோனேன்.

தங்கை மறுபடி கருவுற்றால், முதல் பரிசோதனையிலேயே இந்த வரலாற்றை மருத்துவரிடம் சொல்லி, 16 வாரத்துக்கு முன்பே இந்நோயின் அபாயத்தைக் குறைக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா எனக் கேட்கவிருக்கிறோம்.